எண்ணூர்ல பாதி, நாமக்கல்ல மீதி

ஜிஎஸ்டி ரோட்டை ஒட்டிக் குடியிருக்கிறவங்களுக்கு இந்தக் காட்சி பழக்கம்தான். எண்ணூர் பக்கத்துலேர்ந்து தெற்கே போற சேசிஸ் வண்டிங்க. கூரை இல்லை, கதவு இல்லை, முன்னாடி கண்ணாடியும் இல்லை. நீளமா ரெண்டு இரும்புச் சட்டம், இன்ஜின், சக்கரம், ஒரு ஸ்டியரிங். அதுக்குப் பின்னால ஒப்புக்கு ஒரு சீட்டு. அதுல தலையில துண்டோ ஹெல்மெட்டோ மாட்டிக்கிட்டு ஒருத்தர். மழைன்னா மழை, வெயில்னா வெயில். ஒண்ணு போனா பின்னாடியே இன்னும் மூணு வரும். ஊரப்பாக்கத்துல நாங்க பசங்க எல்லாம் அதை 'எலும்புக்கூடு லாரி'ன்னுதான் சொல்லுவோம்.

மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிச்சு, ஊர் வழக்கப்படி சாஃப்ட்வேர்ல ஆணி புடுங்க வந்த பிறகுதான் ஒரு கேள்வி உறைச்சது. அவ்ளோ பெரிய ஃபேக்டரி. இன்ஜின் செய்யத் தெரியும், ஆக்சில் செய்யத் தெரியும். நாலு தகடை வளைச்சு டிரைவர் உக்கார ஒரு கேபின் செய்யத் தெரியாதா? ஏன் பாதி லாரியை வித்தாங்க? மீதி பாதியை யார் செஞ்சாங்க? முக்கியமா, அந்த மீதிக்கு யார் பொறுப்பு?

இந்த மூணாவது கேள்விதான் இந்தப் பதிவு. ஆனா முதல் ரெண்டையும் தாண்டித்தான் அங்க போகணும், பொறுத்துக்கோங்க :-)

முதல்ல எண்ணூர். 1948 செப்டம்பர்ல ரகுநந்தன் சரண் 'அசோக் மோட்டார்ஸ்'னு ஒரு கம்பெனி ஆரம்பிக்கிறார். அசோக்ங்கிறது அவர் பையன் பேரு. ஆரம்பத்துல லாரியே கிடையாது, இங்கிலாந்திலேர்ந்து வந்த ஆஸ்டின் காரைப் பூட்டி விக்கிறதுதான் தொழில். 1950ல லேலண்டோட ஒப்பந்தம். அதுக்கப்புறம் காமெட் லாரி இங்கயே சேர்க்கப்பட்டுது. 1955ல பேரு 'அசோக் லேலண்ட்'னு மாறுச்சு. அதுக்கு முந்தின வருஷம் 1954ல, ஜாம்ஷெட்பூர்ல டாடாவும் டைம்லர் பென்ஸும் கைகோத்தாச்சு. அப்புறம் ரொம்ப காலத்துக்கு இந்தியாவுல கனரக லாரின்னா பெரும்பாலும் இந்த ரெண்டுதான். காமெட், பீவர், ஹிப்போ, டஸ்கர், டாரஸ்னு லேலண்ட் வச்ச பேர்கள்ல டாரஸ் மட்டும் நம்மூர்ல பொதுப் பேராவே ஆயிடுச்சு. பத்து சக்கரத்துக்கு மேல இருந்தா எந்தக் கம்பெனி வண்டியா இருந்தாலும் 'டாரஸ் வருது ஒதுங்கு'ன்னுதான் சொல்றோம்.

இந்த ஃபேக்டரிகள்லேர்ந்து வெளிய வந்தது பெரும்பாலும் சேசிஸ். கூடவே 'கவுல்'னு ஒண்ணு இருக்கும். முன்பக்க முகம், டேஷ்போர்டு, மீட்டர் இருக்கிற பகுதி. அவ்ளோதான். டிரைவர் முதுகுக்குப் பின்னால சுவரோ, தலைக்கு மேல கூரையோ கிடையாது.

இதை இந்தியாவுக்கு மட்டுமே உரிய கோளாறுன்னு நினைச்சிடாதீங்க. இது பிரிட்டன்லேர்ந்து வந்த பழக்கம். குதிரை வண்டி காலத்துல சக்கரமும் சட்டமும் ஒருத்தர், மேல வர்ற கூண்டு இன்னொருத்தர்னு பிரிஞ்சிருந்த தொழில், மோட்டார் வந்த பிறகும் அப்படியே தொடர்ந்துச்சு. நம்ம மவுண்ட் ரோடு சிம்சன் கம்பெனிகூட 1840ல குதிரை வண்டி செய்யத்தான் ஆரம்பிச்சது. பிறகு மோட்டார் வண்டிக்கும் பாடி கட்டினாங்க. இங்கிலாந்துலயும் ஃபேக்டரி டிரைவர்கள் கனத்த கோட்டைப் போட்டுக்கிட்டு மொட்டை சேசிஸைப் பட்டறைக்கு ஓட்டிட்டுப் போனவங்கதான்.

வித்தியாசம் எங்க வருதுன்னா, அவங்க நிறுத்திட்டாங்க. 1964ல லேலண்ட் 'எர்கோமேட்டிக்'னு ஒரு கேபினைக் கொண்டு வந்தது. முழுக்க எஃகு, இன்ஜினைப் பார்க்கணும்னா அப்படியே முன்பக்கமா சாய்க்கலாம். தாய்க் கம்பெனி அங்க இதைச் செஞ்ச பிறகும், பிள்ளைக் கம்பெனி இங்க கவுல் சேசிஸ்தான் பிரதானம்னு இன்னும் பல பத்தாண்டு ஓட்டுச்சு.

ஏன்? எனக்குப் புரிஞ்ச வரைக்கும் காரணம் ஒண்ணு இல்லை, பல. லைசென்ஸ் ராஜ்ஜியத்துல உற்பத்தி அளவே அரசாங்கம் சொல்றதுதான். போட்டி கம்மி, செஞ்சதெல்லாம் வித்துடும். அப்போ காசைப் போட்டு கேபின் அழுத்தி எடுக்கிற பிரஸ் மெஷினும் டையும் வாங்க எந்த முதலாளிக்கு அவசரம்? அடுத்தது வரி. ஃபேக்டரியில கேபினும் பாடியும் சேர்த்துச் செஞ்சா அதுக்கும் எக்சைஸ் வரி ஏறும். சின்னப் பட்டறைக்கு சிறுதொழில் சலுகை உண்டு. மூணாவது, லோடு. வைக்கோல் ஏத்துறவருக்கு ஒரு மாதிரி பாடி வேணும், சிமெண்ட் ஏத்துறவருக்கு வேற மாதிரி. முட்டைக்கு ஒண்ணு, மணலுக்கு ஒண்ணு, போர்வெல் ரிக்குக்கு ஒண்ணு. ஒரே ஃபேக்டரி இத்தனை தினுசும் செஞ்சு தர முடியாது.

மூணாவது காரணம் நியாயமானது. உலகம் பூரா இன்னிக்கும் அப்படித்தான். அமெரிக்காவுல 'கேப் அண்ட் சேசிஸ்'னே ஒரு வகை விக்கிறாங்க, பின்பக்கம் காலி, வாங்கறவர் தேவைக்குக் கட்டிக்கலாம். ஆனா அந்தப் பேரை நல்லாக் கவனிங்க. கேப் முன்னாடி இருக்கு. சரக்கு ஏத்துற இடத்தைத்தான் வெளிய விட்டாங்க, மனுசன் உக்கார்ற இடத்தை இல்லை. நாம ரெண்டையும் சேர்த்து விட்டுட்டோம்.

சரி, அந்த ரெண்டையும் யார் கட்டினாங்க? இங்கதான் கதை ஜிஎஸ்டி ரோட்டைத் தாண்டி உளுந்தூர்பேட்டை, ஆத்தூர் வழியா மேற்கே போகுது. நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி. நாமக்கல் 1997ல தனி மாவட்டம் ஆகிற வரைக்கும் எல்லாமே சேலம் மாவட்டம். மழை குறைஞ்ச, விவசாயத்தை மட்டும் நம்பி உக்கார முடியாத பூமி. சங்ககிரியில 1960களோட தொடக்கத்துல இந்தியா சிமெண்ட்ஸ் ஆலை வந்ததும் லாரிக்கு லோடு உள்ளூர்லயே கிடைச்சுது. நிலத்தை அடமானம் வச்சு ஒரு லாரி, அது ஓடினா ரெண்டாவது. திருச்செங்கோட்டுக்காரங்க லாரி மேல துளைபோடுற எந்திரத்தை ஏத்திக்கிட்டு இந்தியா பூரா போர்வெல் போட்டாங்க. லாரி பெருகின இடத்துல பாடி கட்டற பட்டறையும் பெருகுச்சு. மாட்டு வண்டி செஞ்சு பழகின தச்சாசாரியும் கொல்லரும் ஏற்கெனவே இருந்த ஊர்கள். மரத்தையும் இரும்பையும் ஒண்ணாப் பூட்டற வித்தை அவங்களுக்குப் புதுசு இல்லை. பஸ்ஸுக்கு கரூர், லாரிக்கு இந்த மூணு ஊர்னு ஆயிடுச்சு. (பஸ் பாடி கதை தனிப் பதிவா எழுத வேண்டியது, இங்க தொடலை.)

ஒரு பாடி எப்படி ஏறுதுன்னு கொஞ்சம் சொல்லணும், ஏன்னா இதுல இருக்கிற அறிவை இங்கிலீஷ் பாடப் புத்தகத்துல படிச்சப்போ எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. லாரி சேசிஸ் ஏணி மாதிரி. ரெண்டு நீளச் சட்டம், நடுவுல குறுக்குச் சட்டங்கள். பள்ளத்துல ஒரு சக்கரம் இறங்கினா இந்த ஏணி முறுக்கும், முறுக்கணும். அதுக்காகவே அப்படிச் செஞ்சது. முறுக்காத அளவுக்கு விறைப்பா எதையாவது அது மேல இறுக்கிட்டா எங்கயாவது விரிசல் விடும். அதனால பட்டறைக்காரங்க சேசிஸ் சட்டத்து மேல நீளமா ஒரு மரத்தைப் படுக்க வைப்பாங்க. அது மேல குறுக்குக் கட்டைகள். அது மேல பலகை. இதெல்லாத்தையும் சேசிஸோட சேர்க்க ஓட்டை போட மாட்டாங்க, வெல்டிங் வைக்க மாட்டாங்க. யூ போல்ட் போட்டுச் சுத்தி இறுக்குவாங்க. ஏன்னா சட்டத்தோட மேல் விளிம்புலயும் கீழ் விளிம்புலயும்தான் அழுத்தம் அதிகம். அங்க ஓட்டை போட்டா, சூடு வச்சா, பலம் போயிடும். சேசிஸ் கம்பெனிகளே பாடி கட்டறவங்களுக்கான கையேட்டுல இதைத்தான் சொல்லும். எந்த காலேஜுக்கும் போகாத ஒரு ஆசாரி இதைக் கையால தெரிஞ்சு வச்சிருந்தார். மரம் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், சேசிஸ் முறுக்கும்போது கூடவே முனகிக்கிட்டு முறுக்கும். பழைய லாரி காலியா போறப்போ கடகடன்னு ஒரு சத்தம் வருமே, அது பாதி இதுதான்.

அப்புறம் சைடு பலகை, பின் கதவு, டூல் பாக்ஸ், தார்ப்பாய் கட்ட கொக்கி, கேபின் மேல கேரியர். கடைசியில பெயிண்டர் வந்து சாமி பேரு, பிள்ளைங்க பேரு, 'சவுண்ட் ஹாரன்'. மூணு நாலு வாரத்துல எலும்புக்கூடு உயிரோட எழுந்து நிக்கும். எத்தனை கிலோ மரம் இரும்பு போடறோம்கிறதுல ஒரு கணக்கு வேற. மொத்த எடைக்கு சட்டம் ஒரு உச்சவரம்பு வச்சிருக்கு. பாடி கனமானா அந்த அளவு லோடு குறையும்.

சட்டமும் இந்த ஏற்பாட்டை ஒத்துக்கிட்டே இருந்தது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தோட 43ஆம் பிரிவு தற்காலிகப் பதிவு பத்தினது. ஒரு மாசம்தான் செல்லும்னு இருந்துச்சு. ஆனா கூடவே ஒரு விதிவிலக்கு: பாடி ஏறாத சேசிஸ் பட்டறையில நிக்குதுன்னா காலத்தை நீட்டிக்கலாம். அதாவது 'பாதி வண்டி'ன்னு ஒண்ணு உண்டுன்னு சட்டப் புத்தகத்துலயே எழுதியாச்சு. (2019 திருத்தத்துல தற்காலிகப் பதிவுக் காலம் ஆறு மாசம் ஆச்சு.)

பாடி கட்டி முடிச்சு பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னாடி நிறுத்துவாங்க. அகலம் 2.6 மீட்டருக்குள்ள இருக்கா, காலி எடை எவ்ளோ, லைட் எரியுதா, பிரேக் பிடிக்குதா, ரிஃப்ளெக்டர் இருக்கா. 1989 மத்திய விதிகள்ல நேஷனல் பெர்மிட் லாரி என்ன நிறத்துல இருக்கணும்னுகூட இருந்துச்சு: காய்ஞ்ச இலைப் பழுப்பு, தடிமனா வெள்ளை பார்டர். நிறம் சொல்லியாச்சு. ஆனா அந்தக் கேபின் எது மேலயாவது மோதினா உள்ள இருக்கிறவர் என்ன ஆவார்ங்கிற கேள்வியை அந்த இடத்துல யாரும் கேட்கலை. கேட்டாலும் சோதிக்க இன்ஸ்பெக்டர்கிட்ட ஒரு டேப்பும் ஒரு எடை மேடையும்தான்.

எங்க பெரியப்பா ரொம்ப வருஷம் லாரி ஓட்டினவர். அவர் வண்டியும் இப்படி மேற்கே போய் கட்டிக்கிட்டு வந்ததுதான். மரச்சட்டம், மேல தகடு. அந்தக் கேபினைப் பத்திப் பேசினா முகமே மாறும். படுக்க பலகை, சாமி படத்துக்குச் செதுக்கின மாடம், துணி மாட்ட ஆணி, எல்லாம் அவர் கேட்டபடி ஆசாரி செஞ்சு குடுத்தது. "வீட்லகூட எனக்குன்னு அப்படி ஒரு ரூம் கெடையாதுடா"ம்பார். இன்ஜின் பக்கத்துலயே இருக்கும், இடது கால் வெந்துடும், அது வேற. பாதுகாப்பு பத்திக் கேட்டேன். "கட்டை கேபின்தாண்டா நல்லது. தகரக் கேபின்னா நசுங்கி கால் மாட்டிக்கும். கட்டைன்னா பிரிஞ்சிடும், ஆளை வெளிய எடுத்துடலாம்"னார்.

இதை அவர் மட்டும் சொல்லலை, பழைய டிரைவர்கள் பலபேர் சொல்லிக் கேட்டிருக்கேன். எனக்கு இதுல மரியாதையோட ஒரு மறுப்பு உண்டு. பிரிஞ்சு போற கேபின் மோதலோட வேகத்தை வாங்கிக்கிறதே இல்லை. அதை அப்படியே உள்ள இருக்கிறவர்கிட்ட குடுத்துடுது. பின்னாடி பத்து டன் இரும்புக் கம்பி ஏத்தியிருந்து, சடன் பிரேக்ல அது முன்னாடி வந்தா, நடுவுல இருக்கிறது ஒரு பலகைச் சுவர். 'வெளிய எடுக்க சுலபம்'ங்கிறது பின்னால ஓடி வர்றவங்களுக்கு வசதி. டிரைவர் முழுசா இருந்தாரான்னுதான் கேட்கணும். அவர்கிட்ட இதைச் சொன்னா "அட போடா, நீ கம்ப்யூட்டர்ல ஓட்டினவன்"னுட்டார் :-)

மத்த நாடுகள்ல இதை எண்ணிக்கையா எழுதி வச்சுட்டாங்க. ஸ்வீடன்ல 1960களோட தொடக்கத்துலயே லாரி கேபினை மோதிப் பார்த்துச் சோதிக்கிற ஏற்பாடு வந்துடுச்சு. ஐரோப்பாவுல 1970கள்ல 'ரெகுலேஷன் 29'. சுமார் 1,500 கிலோ எடையுள்ள ஒரு எஃகு ஊசல் கேபின் முகத்துல வந்து மோதும். முன் ஆக்சில் தாங்குற எடை அளவுக்கு, அதிகபட்சம் 10 டன், கூரை மேல அழுத்தம் குடுப்பாங்க. முதுகுச் சுவருக்கு, ஏத்துற லோடுல ஒவ்வொரு டன்னுக்கும் 200 கிலோங்கிற கணக்குல அழுத்தம். இதெல்லாம் முடிஞ்ச பிறகும் சீட்டுல வச்சிருக்கிற பொம்மை நசுங்காம இருக்கிற அளவுக்கு உள்ள இடம் மிஞ்சணும்.

அமெரிக்காவோட வழி வேற. எனக்கு அதுதான் ரொம்பப் பிடிச்சது. 1970கள்லேர்ந்தே அங்க 'முழுமையடையாத வாகனம்'னு ஒரு சட்டப் பிரிவு. பாதி வண்டி விக்கிற கம்பெனி, கூடவே ஒரு ஆவணம் தரணும்: இதுவரைக்கும் நான் செஞ்சது இது, இது மேல எவ்ளோ எடை ஏறலாம், இன்னின்ன பாதுகாப்பு விதி எப்படிக் கட்டினா நிறைவேறும். கடைசியா கட்டி முடிக்கிறவர் 'முழு வண்டிக்கும் நான் சான்று'ன்னு ஒட்டணும். நம்ம பாஷையில சொன்னா, ஒரு டீம் எழுதின கோடை இன்னொரு டீம் முடிக்குதுன்னா நடுவுல ஒழுங்கா ஒரு கையளிப்பு. எண்ணூருக்கும் நாமக்கல்லுக்கும் நடுவுல ரொம்ப காலம் இல்லாம போனது அதுதான். சேசிஸ் கம்பெனியைக் கேட்டா 'கேபின் நாங்க கட்டலை'. பட்டறையைக் கேட்டா 'ஓனர் சொன்னபடி கட்டினோம்'. ஓனரைக் கேட்டா 'ஆர்டிஓ பாஸ் பண்ணிட்டாரே'.

மாற்றம் வந்தப்போ மேல இருந்து வரலை, சின்ன வண்டியிலேர்ந்து வந்துச்சு. 1980களோட நடுவுல ஜப்பான் கூட்டுல ஐஷர் மிட்சுபிஷி, ஸ்வராஜ் மஸ்டா மாதிரி சின்ன லாரிகள் வந்தப்போ ஃபேக்டரி எஃகு கேபினோட வந்துச்சு. டாடா 407உம் அதே சமயம். 1994ல லேலண்ட் இவெகோ வழியில 'கார்கோ'ன்னு சாயும் கேபின் வச்ச லாரியைக் கொண்டுவந்தது. இங்கிலாந்து எர்கோமேட்டிக்குக்குச் சரியா முப்பது வருஷம் கழிச்சு! 1998ல ஓசகோட்டையில வால்வோ. ஆனாலும் கவுல் சேசிஸ் விலை குறைவு, வாங்க ஆள் இருந்தாங்க, ரெண்டும் பக்கத்துல பக்கத்துல ஓடிச்சு.

எங்க ஏரியாவுல இது கண்ணுக்குத் தெரிஞ்சது 2012க்கு அப்புறம். வண்டலூர்–வாலாஜாபாத் ரோட்டுல போனா ஒரகடம். அங்க டைம்லர் ஃபேக்டரி திறந்து பாரத்பென்ஸ் லாரி வர ஆரம்பிச்சுது, கேபினோட. ஜிஎஸ்டி ரோட்டுல மொட்டை சேசிஸ், இந்தப் பக்கம் கதவு கண்ணாடியெல்லாம் வச்ச லாரி. அதே ஒரகடத்துல வாகனங்களை மோதிச் சோதிக்கிற அரசு ஆராய்ச்சி மையமும் இருக்கு. ரெகுலேஷன் 29ஐ ஒட்டி இந்தியாவுக்கு எழுதின கேபின் சோதனைக்கு பேரு ஏஐஎஸ் 029. லாரி கேபின், பாடி, டிரெய்லர் எப்படிக் கட்டணும்கிறதுக்கு ஏஐஎஸ் 093. இந்த லாரி பாடி கோட், மத்திய விதிகளுக்குள்ள நுழைஞ்சது 2010களோட பிற்பாதியில. எண்ணூர்ல முதல் காமெட் சேர்த்து அறுபது வருஷத்துக்கு மேல.

இதுக்கு நாமக்கல் பக்கம் ஒரு விலை இருந்துச்சு. அதையும் சொல்லணும். கேபின் கட்டினதுதான் பட்டறையில திறமையான வேலை, ஆசாரிக்குப் பேர் வாங்கித் தந்த வேலை. அது ஃபேக்டரிக்குப் போயிடுச்சு. பின்பக்க பாடி மட்டும் மிச்சம். அதுவும் மரத்துலேர்ந்து இரும்புக்கு, ஆசாரிகிட்டேர்ந்து வெல்டர்கிட்ட. வரைபடம், அங்கீகாரம், சோதனைன்னு செலவு பண்ண முடிஞ்ச பெரிய பட்டறைங்க டேங்கர், டிப்பர், டிரெய்லர்னு நகர்ந்துடுச்சு. நாலு பேரை வச்சு ஒரு கொட்டகையில செஞ்சவங்களுக்கு அது சுலபமில்லை. 'கைத்தொழிலை அழிச்சுட்டாங்க'ன்னு ஒரு வருத்தப் பதிவு எழுதுறது ஈஸி. எனக்கு அப்படி எழுத மனசு வரலை. அந்தக் கேபினுக்குள்ள உக்காந்தவரும் தொழிலாளிதான். ஆசாரிக்கு அளவு சொல்லி, பயிற்சி குடுத்து, சோதனைச் செலவைப் பகிர்ந்து, அவரையும் உள்ள இழுத்திருக்கலாம். 1970கள்லயே ஆரம்பிச்சிருந்தா அதுக்கு நேரம் இருந்தது. யாரும் கணக்கே கேட்காம அத்தனை வருஷம் விட்டுட்டு, கடைசியில ஒரே சட்டமா கொண்டு வந்ததுதான் ரெண்டு பேருக்கும் செஞ்ச அநியாயம்.

இன்னொண்ணும் சேர்ந்தே நடந்துச்சு. 2005ல உச்ச நீதிமன்றம் ஓவர்லோடுக்கு எதிரா கண்டிப்பா தீர்ப்பு சொன்னது. அதுவரைக்கும் 'தாங்கணும்'னு பட்டையைக் கூட்டி, கட்டையைத் தடிமனாக்கி கட்டின பாடிகளுக்குத் தேவை குறைஞ்சுது. 2018ல அரசாங்கமே ஆக்சில் எடை வரம்பை ஏத்திடுச்சு. மூணு ஆக்சில் லாரிக்கு 25 டன்னா இருந்தது 28.5 டன். எடையைக் கூட்டுற உத்தரவு கேபினைப் பத்தின உத்தரவைவிட எப்பவும் வேகமாத்தான் வருது.

2023 டிசம்பர்ல வந்த அறிவிப்புப்படி, 2025 அக்டோபர் 1லேர்ந்து தயாராகிற நடுத்தர, கனரக லாரிகளோட கேபின்ல ஏசி கட்டாயம். பெரியப்பாகிட்ட சொன்னேன். "ஏசி போட்டா தூக்கம் வந்துடும்டா"ன்னார் முதல்ல. கொஞ்ச நேரம் கழிச்சு, நாக்பூர் தாண்டி மே மாசத்துல ஓட்டினதைப் பத்தி தானாவே பேச ஆரம்பிச்சுட்டார்.

மொட்டை சேசிஸ் ஒழிஞ்சிடலை. பஸ் பாடி இன்னும் வெளியதான் கட்டறாங்க, அதனால பஸ் சேசிஸ் இன்னும் அப்படியே ஓட்டித்தான் போகுது. லோடு இல்லாததால பத்து டன்னுக்குச் செஞ்ச ஸ்பிரிங் பட்டை துளிகூட அமுங்காது, ஒவ்வொரு பள்ளமும் நேரா முதுகுல. இப்போ மீஞ்சூர்ல வெளிவட்டச் சாலையில ஏறினா 62 கிலோமீட்டர், வண்டலூர்ல இறங்கிடலாம், ஊருக்குள்ள நெரிசல்ல நிக்க வேண்டாம். அது ஒரு நிம்மதி. ஆனா கேபின் பலம், கூரை அழுத்தம், ஏசின்னு வந்த விதி எல்லாமே வண்டி முழுசான பிறகு அதை ஓட்டறவருக்கானது. முழுசாகிற இடத்துக்கு அதை ஓட்டிட்டுப் போறவர், வண்டலூர் தாண்டி ஊரப்பாக்கம் வழியா, இன்னும் முன்கண்ணாடி இல்லாமத்தான் போறார்.